பாதி நான், பாதி எலி

சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறப்பதற்கு முன்பே அக்கா சொல்லிவிடுவார்.

"இன்னிக்கு கொழம்புல உப்பு ஜாஸ்தி. நேத்து ஊட்ல சண்டை. அந்தக் கோவத்துல ரெண்டு தபா போட்டுட்டேன். நான்தான். வேணும்னா ஊத்திக்கோங்க, அப்பால மூஞ்ச சுளிக்காதீங்க."

நாங்கள் ஊற்றிக்கொள்வோம். பழவேற்காட்டு மடவை மீன் குழம்பை உப்புக்குப் பயந்து விட்டவர்கள் அந்த ஷெட்டில் யாரும் இல்லை. உப்பு உண்மையிலேயே அதிகமாகத்தான் இருக்கும். அக்கா சொன்ன அளவுக்கு இருக்கும், அதற்கு மேலே இருக்காது. தன் தப்பை அவ்வளவு சரியாக அளந்து சொல்கிற ஒருவரை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

நாங்கள் வேலை பார்த்தது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில், இரண்டு இரும்பு உருக்காலைகளுக்கு நடுவே இருந்த ஒரு தகரக் கூரை ஷெட்டில். முன்பாதியில் சின்ன டிரான்ஸ்பார்மர்களுக்கும் மோட்டார்களுக்கும் கம்பி சுற்றுவார்கள். பின்பாதியில், கண்ணாடித் தடுப்புக்குள் எங்கள் வேலை. பழைய பொம்மை ரயில் இன்ஜின்களுக்கு சிப் வைப்பது.

பொம்மை என்றால் முதலாளிக்குக் கோபம் வரும். "மாடல்னு சொல்லுமா" என்பார். அவர் சொல்வதும் சரிதான். ஒரு முழத்துக்கும் குறைவான அந்த இன்ஜின்களில் ஏணி, கைப்பிடி, டிரைவர் உட்காரும் பலகை வரை எல்லாம் இருக்கும். வைத்திருப்பவர்களும் குழந்தைகள் இல்லை. பென்ஷன் வாங்குகிறவர்கள், டாக்டர்கள், கப்பலில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள். முப்பது நாற்பது வருஷத்து இன்ஜின்களைப் பஞ்சு சுற்றி, பிறந்த குழந்தையைப் போல் அனுப்பிவைப்பார்கள்.

பழைய முறையில் தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுத்தால் அதன்மேல் நிற்கும் எல்லா இன்ஜினும் ஓடும். நிறுத்தினால் எல்லாம் நிற்கும். புதிய முறையில் தண்டவாளத்தில் எப்போதும் கரண்ட் இருக்கும். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் விரல் நகம் அளவுக்கு ஒரு சிப், அதற்கென்று ஒரு நம்பர். ரிமோட்டில் எந்த நம்பரை அழுத்துகிறோமோ அந்த இன்ஜின் மட்டும் கிளம்பும். பக்கத்தில் நிற்பது அசையாது. பழைய இன்ஜினைப் பிரித்து, உள்ளே சிப்பை வைத்து, ஒன்றுமே நடக்காததுபோல் மூடிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை.

அக்கா சேர்ந்த அன்று இதை அவருக்கு விளக்க நான் ஒரு தாளில் படம் வரைந்து வைத்திருந்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டார். "அதாவது, மின்னாடி ஒருத்தன எழுப்புனா ஊரே எந்திரிச்சிது. இப்ப பேர் சொல்லிக் கூப்ட்டவன் மட்டும் எந்திரிக்கணும். அதானே?" அதேதான். நான் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

நான் அங்கே டெக்னீஷியன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் நெல் வைத்திருக்கும் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள். அப்பா கையெழுத்துப் போடுவார், வேறு எதுவும் எழுதமாட்டார். அம்மாவுக்கு அதுவும் கிடையாது. பட்டாவைப் படித்துச் சொல்ல ஊருக்குள் ஆள் தேடிப்போன காலம் என்னோடு எங்கள் வீட்டில் முடிந்தது. இதைப் பணிவாகச் சொல்ல எனக்கு வராது, நான் முயற்சியும் செய்யப்போவதில்லை. அப்பா பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு ரயில் இன்ஜினுக்கு மூளை வெக்கிறா" என்பார். ரயில் எவ்வளவு பெரியது என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

அக்கா என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனால் ஹெல்ப்பர், எனக்குக் கீழே. என்னை அவர் 'மா' என்பார். கிண்டல் செய்ய வேண்டுமென்றால் 'டிப்ளமோ மேடம்'. அங்கே வருவதற்கு முன்னால் எட்டு வருஷம் ஒரு இறால் கம்பெனியில், ஐஸ் தண்ணீரில் கையை விட்டு இறாலுக்குத் தலை கிள்ளியவர். விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. ஈயம் உருக்கி சால்டர் வைத்த சூடான ஒயரை வெறும் விரலால் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார். எனக்குப் பார்க்கவே கூசும். "எனக்கு ஒண்ணும் தெரில மா. உணர்ச்சியல்லாம் ஐஸுக்கு குட்த்துட்டு வந்துட்டேன்" என்று சிரிப்பார். மார்கழி, தை மாதங்களில் அதே விரல்கள் வெடித்து ரத்தம் கசியும். இனிமேல் ஐஸில் கை வைத்தால் விரல் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதனால் அக்காவுக்கு இந்த வேலை நிலைக்க வேண்டும். ஒரு வருஷம் முடிந்தால் நிரந்தரம், ஈ.எஸ்.ஐ. கார்டும் உண்டு என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த ஒரு வருஷம் ஆடி முடிந்து ஆவணி பிறக்கும்போது முடிகிறது. காலையில் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில் என்று வந்து சேர்கிற அக்கா, பையை மாட்டிக்கொண்டே சில நாள் சொல்வார்: "ஆடி மட்டும் தாண்டிட்டேன்னு வெய்யி, அப்பால என்ன யாரும் அசைக்க முடியாது."

அவரை எனக்குப் புரியவைத்தது ஒரு எலி.

ஒருநாள் காலையில் வந்து பார்த்தால், புதிதாக வாங்கி வைத்திருந்த ஒயர்ச் சுருள்களை எலி குதறிப் போட்டிருந்தது. மேசை முழுக்க ஆரஞ்சு, சாம்பல், சிவப்பு, கறுப்பு என்று துணுக்குகள். முதலாளி தடுப்புக்குள் வந்து நின்று, "யாரு பண்ண வேலை இது?" என்றார். எலி என்று சொல்லத்தான் நாங்கள் எல்லோரும் வாயெடுத்தோம்.

"பாதி நான் சார், பாதி எலி" என்றார் அக்கா.

"இன்னாது?"

"டப்பாவ மூடாம போனது நான். கட்ச்சது எலி."

கம்பி சுற்றும் பகுதியில் ஒரு அண்ணன் இருந்தார். எங்களைக் கிண்டல் செய்வது அவருக்கு இரண்டாவது வேலை. அங்கிருந்தே கத்தினார்: "சார், எலியையும் கூப்ட்டு ஒரு வார்த்த கேட்டுக்குங்க. அக்கா அதும்மேல அதிகமா போட்ருக்கப் போறாங்க."

முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பாதிக்கு மேல் ஒரு பிடிகூட அக்கா எடுத்துக்கொள்ளவில்லை என்பதை நான் கவனித்தேன். தியாகம் எல்லாம் அவரிடம் கிடையாது. தன்னுடையது எவ்வளவோ அவ்வளவுதான்.

உருக்காலைத் தூசி எங்களுக்கு ஓயாத தொல்லை. அது மண் தூசி இல்லை, இரும்புத் தூசி. மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் அதை ஆசையாக இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் ஜன்னலைத் திறக்கவே கூடாது. சித்திரை வெயிலில் அக்கா ஒருநாள் திறந்தார். நான் உள்ளே வந்து மூக்கைச் சுருக்குவதற்குள், "ஜன்னல் நான்தான். கொஞ்சூண்டு, ஒரு சாண். மூணு இன்ஜின் வெளிய இருந்துச்சி, மூணையும் தொடச்சிட்டேன், நீ ஒருக்கா பாத்துரு" என்றார்.

"எதுக்குக்கா யாரும் கேக்காமயே சொல்றீங்க? கேட்டா சொன்னா போதாதா?"

"சொல்லலன்னா யாரு யாருன்னு தேடிக்கினே இருப்பாங்க. வேலை நின்னு போவும். பேஜாரு." ஒயரைக் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னார்: "அதுவுமில்லாம, நான் பண்ணத சொல்லலன்னா அது எங்கூடவே பஸ் ஏறி ஊட்டுக்கு வந்துடுது மா. ஊட்ல ஏற்கெனவே எடம் இல்ல."

இறால் கம்பெனியிலிருந்து அவர் வெளியே வந்த கதையும் இதுதான். குளிர் அறையின் கதவைச் சரியாகச் சாத்தாமல் போனதை, யாருக்கும் தெரிவதற்கு முன்னால் தானே போய்ச் சொல்லியிருக்கிறார். மறுநாள் வேலை இல்லை. இதை அக்கா ஒரு நகைச்சுவைக் கதையாகத்தான் சொல்வார். சூப்பர்வைசர் மாதிரி நடித்தும் காட்டுவார். எனக்குச் சிரிப்பு வரும்; கூடவே, இப்படி ஒரு ஆள் இந்தத் தொழிற்பேட்டையில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும் என்று தோன்றும்.

ஆனால் எங்களுக்குப் பெரிய வேலை ஒன்று கிடைத்ததே அவருடைய ஒரு தப்பினால்தான். சென்னையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடல் ரயில் வைத்திருக்கும் நண்பர்கள் குழு ஒன்று அவருக்கு இருந்தது. எங்கள் வேலை பிடித்தால் குழுவின் எல்லா இன்ஜின்களையும் எங்களிடமே தருவதாகப் பேச்சு. முதலாளி நான்கு இன்ஜின்களைத் தயாராக வைக்கச் சொன்னார்.

புது சிப்புக்கு நம்பர் கொடுக்க ஒரு தனித் தண்டவாளத் துண்டு உண்டு. அதில் ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் கொடுக்க வேண்டும். அக்கா நேரம் மிச்சம் பிடிக்க நான்கையும் வரிசையாக ஒன்றாக நிற்க வைத்துக் கொடுத்துவிட்டார். நான்கும் சமர்த்தாக ஒரே நம்பரை வாங்கிக்கொண்டன.

பெரியவர் ரிமோட்டை வாங்கி நம்பரை அழுத்தினார். ஒன்று கிளம்ப வேண்டிய இடத்தில் நான்கும் கிளம்பின. புதிய முறையில் ஒவ்வொரு இன்ஜினும் தன் மூஞ்சி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் போகும். ஒன்று எதிர்ப்பக்கம் பார்த்து நின்றிருந்தது. அது மற்ற மூன்றையும் முட்டிக்கொண்டு நடு மேசையில் நின்றது. முதலாளிக்கு வியர்த்துவிட்டது.

"ஒவ்வொண்ணா வெக்கணும்னு எனக்கு சொல்லிக் குட்த்தாங்க சார்" என்று அக்கா நேராகப் பெரியவரிடமே சொன்னார். "நான்தான் பந்தியில ஒக்கார வெக்கிற மாதிரி நாலையும் ஒண்ணா வெச்சிட்டேன். திருப்பி நின்னது மட்டும் எனக்குத் தெரியாது, அது அதுங்களா நின்னது."

பெரியவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். போகும்போது முதலாளியிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "தப்பை மூடி மறைக்காத இடத்துலதான் நான் என் பொருளைக் கொடுப்பேன்."

முதலில் வந்தது அவருடைய சொந்த இன்ஜின். கறுப்பு நீராவி இன்ஜின், முழுக்க உலோகம், கையில் எடுத்தால் கருங்கல் மாதிரி கனக்கும். இப்படிப்பட்ட பழைய இன்ஜின்களில் மோட்டாரின் ஒரு முனை அடியிலிருக்கும் உலோகச் சட்டத்தோடு சேர்ந்தே இருக்கும், சட்டம் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தோடு. சிப் வைத்துவிட்டால் அந்தத் தொடர்பு அடியோடு அறுபட வேண்டும். மோட்டாருக்கு எது போனாலும் சிப் வழியாகத்தான் போக வேண்டும். எங்காவது ஒரு முடி அளவு சட்டத்தைத் தொட்டால் சிப் கருகிவிடும். அதனால் மோட்டாருக்கு அடியில் மஞ்சள் டேப் ஒட்டி, பழைய இரும்பு ஸ்க்ரூவுக்குப் பதில் நைலான் ஸ்க்ரூ போடுவோம்.

அன்று நைலான் ஸ்க்ரூவின் தலை வழுக்கிவிட்டது. டப்பாவில் வேறு இல்லை. நான் அக்காவை பஜாருக்கு அனுப்பினேன். அவர் போன கொஞ்ச நேரத்தில் கூரியர் வண்டி வந்து நின்றது. வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால். பையன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். தட்டில் பழைய இரும்பு ஸ்க்ரூ கிடந்தது. அதே நீளம், அதே மரை. அதன்மேல் மஞ்சள் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் போட்டேன். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், சட்டத்தைத் தொட்டால் வரும் சத்தம் வரவில்லை. நேர்த் தண்டவாளத்தில் இரண்டு தரம் ஓட்டினேன், ஓடியது. மூடியைப் போட்டு அரை மணி நேரம் வளைவில் ஓட்டிய பிறகுதான் அனுப்ப வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதைச் செய்யவில்லை. டிப்ளமோ படித்தவள் வைத்த டேப் தாங்கும் என்று நினைத்தேன்.

அக்கா மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் ஒரு டி.வி. ரிப்பேர்க் கடையில் ஸ்க்ரூ வாங்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"போயிடுச்சா? அப்போ எந்த ஸ்க்ரூ போட்ட?"

"சரியாத்தான்கா போட்ருக்கேன்."

அக்கா கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பொட்டலத்தைப் பிரித்து ஸ்க்ரூக்களை டப்பாவில் கொட்டி, மூடியை அழுத்தி மூடினார்.

பத்து நாள் கழித்துப் பெரியவர் அந்த இன்ஜினோடு நேரில் வந்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை. "ரயில் பெட்டிகளை மாட்டி வளைவுல திருப்பினேன். ஒரு வாசனை வந்தது, நின்னுபோச்சு" என்றார். சிப் போகட்டும், மோட்டாரும் கருகியிருந்தது. அந்த மோட்டார் இப்போது எங்கும் விற்பனைக்கு இல்லை. "மத்ததைப் பத்தி யோசிச்சுச் சொல்றேன்" என்று முதலாளியிடம் கும்பிட்டுவிட்டுப் போனார்.

முதலாளி இன்ஜினைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். டேப் மரையில் அறுந்துபோய், நடுவில் இரும்பு ஸ்க்ரூ பளபளத்தது.

"யாரு போட்டது இது?"

நான் என் மேசையில் இருந்தேன். அக்கா தன் மேசையில். கம்பி சுற்றும் அண்ணன் தடுப்பு ஓரம் வந்து நின்றார். "மூடறது அக்காதானே. இந்நேரம் கையத் தூக்கியிருக்கணுமே" என்றார், வழக்கமான கிண்டலோடு.

அக்கா எழுந்து போய் ஸ்க்ரூவை நன்றாகப் பார்த்தார்.

"இது நான் இல்ல சார்."

அண்ணனின் சிரிப்பு நின்றது. அந்த ஷெட்டில் அந்த வார்த்தையை அக்கா சொல்லி யாரும் கேட்டதில்லை. அவர் இல்லை என்றால் இல்லைதான். அது முதலாளிக்கும் தெரியும். ஆனால் முதலாளியின் கையில் ஒரு சீட்டு இருந்தது.

ஒவ்வொரு இன்ஜினோடும் ஒரு சீட்டு போகும். பிரித்தவர், சோதித்தவர், மூடியவர் என்று மூன்று வரி. மூடியவர் எப்போதும் அக்காதான். ஐந்தாம் வகுப்போடு நின்ற அவர் எழுத்துக் கூட்டி எழுதி முடிப்பதற்குள் நேரமாகிவிடும் என்று, காலையிலேயே அன்றைய சீட்டுகள் எல்லாவற்றையும் நானே எழுதி வைத்துவிடுவேன். அவர் பெயரையும் சேர்த்து. என் கையெழுத்து அழகாக இருக்கும்.

"சீட்டுல உம் பேருதானே இருக்குது" என்று முதலாளி நீட்டினார்.

அக்கா விரல் வைத்துப் படித்தார். "பேரு என்னுது சார். வேலை என்னுது இல்ல."

"அப்போ யாரு?"

"என்னுத கேளுங்க, சொல்றேன். மத்தவங்களுத நான் எப்படி சார் சொல்றது?"

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் அப்பா நிற்பது கண்ணுக்குள் தெரிந்தது. இன்ஜினுக்கு மூளை வைக்கிறவள் ஒரு ஸ்க்ரூவில் கோட்டைவிட்டாள் என்று அவர் எப்படிச் சொல்வார்? எழுதத் தெரியாததால் எங்கள் வீட்டில் பட்ட அவமானங்கள் எனக்குத் தெரியும். அதற்காகத்தான் நான் படித்தேன். அந்தப் படித்த கை எழுதிய அழகான எழுத்து, அக்கா பொய் சொல்கிறார் என்று முதலாளியின் கையில் இருந்தபடி சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. நான் மல்டிமீட்டர் ஒயரைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

முதலாளி கொஞ்ச நேரம் வெளியே போய் யாருடனோ போனில் பேசினார். திரும்பி வந்தபோது முகம் இறுகியிருந்தது. பெரியவரின் குழு நழுவிப் போய்க்கொண்டிருந்தது. "நாளைக்கு வராத. நானே சொல்லி அனுப்புறேன்" என்றார் அக்காவிடம்.

ஆடி பிறந்து பாதி ஆகியிருந்தது. சொல்லி அனுப்புகிறேன் என்பதற்கு அந்தப் பேட்டையில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கு அதற்கு மேலும் தெரியும். மறுபடி இறால் கம்பெனிக்குப் போனால் ஐஸ்.

அவர் தன் மேசைக்குப் போனார். டப்பாவைப் பையில் வைத்தார். பையை மாட்டிக்கொண்டார். தடுப்புக் கதவு வரை போனவர் நின்று, திரும்பி என் மேசைக்கு வந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். கொடுத்துவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன்.

"அந்தப் பச்ச இன்ஜினு பாதில கெடக்குது மா. மின்னாடி லைட்டு ஒயரையும் பின்னாடி லைட்டு ஒயரையும் மாத்திப் பத்தவெச்சிட்டேன். நான்தான். இப்பதான் பாத்தேன், கழட்டறதுக்குள்ள இவரு வந்துட்டாரு. மூடறதுக்கு மின்னாடி மாத்திடு."

இவ்வளவுதான் சொன்னார். என் தப்புக்காக வேலையை விட்டுப் போகிற நேரத்தில், தன்னுடைய தப்பு எங்கும் சொல்லாமல் கிடந்துவிடக் கூடாது என்று திரும்பி வந்திருக்கிறார்.

நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

"அந்த ஸ்க்ரூ நான் போட்டது சார். அக்கா பஜார் போயிருந்தாங்க. நான்தான் மூடுனேன். வளைவுல ஓட்டிப் பாக்கல. பேரு காலையிலேயே எழுதி வெச்சது."

முழுக்க நான்தான். எலிக்குப் பாதிகூட இல்லை.

முதலாளி போனை என்னிடம் நீட்டினார். "அவருக்குப் போன் போட்டு நீயே சொல்லு" என்றார். எல்லோர் முன்னாலும் போட்டேன். பெரியவர் முழுவதும் கேட்டார். பிறகு, "மோட்டாருக்கு மறுபடி கம்பி சுத்த முடியுமான்னு பாருங்க" என்று மட்டும் சொன்னார். கம்பி சுற்றும் அண்ணன்தான் சுற்றினார். தலைமுடியைவிட மெல்லிய கம்பி, மூன்று நாள் வேலை. அந்த மூன்று நாளும் அவர் யாரையும் கிண்டல் செய்யவில்லை. இன்ஜின் ஓடியது. குழுவின் மற்ற இன்ஜின்கள் எல்லாம் வரவில்லை, பாதி வந்தன.

அக்கா அன்றே பையை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பச்சை இன்ஜினைத் தன் பக்கம் இழுத்து ஒயரைக் கழற்றினார். சிறிது நேரம் கழித்து, தலையைத் தூக்காமல் கேட்டார்:

"முழுசா அரை மணி நேரம். வாய்ல இன்னா, கொழக்கட்டையா வெச்சிருந்த?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க ஏன்கா சொல்லல? உங்களுக்குத்தான் தெரியுமே."

"அது உன்னுதாச்சே மா. அத நான் எட்த்தா திருட்டு."

ஆடி முடிந்தது. அக்காவுக்குக் கார்டு வந்தது. நான் அதற்கப்புறம் இரண்டு வருஷம் அங்கே இருந்துவிட்டு, இப்போது ஒரகடம் பக்கம் வேறொரு கம்பெனியில் இருக்கிறேன். என் கீழே ஒன்பது பேர். அப்பாவிடம் அந்த ஸ்க்ரூ கதையையும் சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் அதை மட்டும் அவர் சொல்வதில்லை. அது அவர் இஷ்டம்.

நான் ஒத்துக்கொண்டதற்கு மறுநாள் காலை நடந்ததைச் சொல்ல வேண்டும். வழக்கம்போல் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வரிக்கு வந்தபோது, மரத்த விரல்களோடு ஒரு உள்ளங்கை தாளின்மேல் வந்து படுத்தது.

"என் பேர இனிமே நீ எழுதாத மா" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. உப்பு ஜாஸ்தி என்று சொல்கிற அதே குரல். "வேலை முட்ச்சிட்டு நானே எழுதிக்கிறேன். லேட்டானா ஆவட்டும்."

லேட்டானது. கூரியர் பையன் தினமும் ஹாரன் அடித்தான். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக இறக்கினார். நாங்கள் காத்திருந்தோம்.

இதை எழுதும்போது இரண்டு மூன்று இடங்களில் அந்தப் பெயர் கைக்கு வந்தது. எழுதவில்லை. படித்துப் பார்த்து, இது தன்னுடையதுதான் என்று தோன்றினால் அவரே எழுதிக்கொள்ளட்டும். கீழே இடம் விட்டிருக்கிறேன்.